எதிரொலி அண்ணியின் கதவு

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கடைசியில் இருப்பவர் அந்தக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிடுங்கள். முழுக்கச் சாத்த வேண்டாம், காற்று வரட்டும். இன்றைக்கு ஒரு கதவின் கதை சொல்லப்போகிறேன். அரசாங்கம் சட்டம் போட்டு ஒரு வீட்டில் கதவு தேடிய கதை. இதில் ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. ஒரு மருமகள், ஒரு மாமனார், சொன்ன நாளில் வேலை முடிக்காத ஒரு கொழுந்தன், கால் ஓயாமல் நடக்கும் ஒரு அதிகாரியம்மா, தெருமுனைத் தையல்கார அம்மா, அவ்வளவுதான். பயப்படாதீர்கள், யாரும் சாகமாட்டார்கள்.

அந்த மருமகளுக்கு அரசாங்க உத்தியோகம். உதவித்தொகைத் துறையில் எழுத்தர். துணையை இழந்தவர்கள், நோயாளிகள், கைகால் விளங்காதவர்கள் எல்லாரும் அந்தத் துறைக்குப் போன் பண்ணித்தான் உதவி கேட்பார்கள். அவள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பாள், கேட்டதைக் கணினியில் பதிவாள். அந்தத் துறையில் ஒரு முறை உண்டு. கூப்பிட்டவர் சொன்னதை அப்படியே அவருக்குத் திருப்பிச் சொல்லி, அவர் வாயால் "ஆமாம்" வாங்கிய பிறகுதான் பதிய வேண்டும். அதனால் ஊரார் கஷ்டமெல்லாம் நாள் முழுக்க அவள் குரலில் ஒருமுறை வெளியே வரும். "வீட்டுக்காரர் போய் வருஷமாச்சு, சரிங்களா? மகன் கூட இல்ல, சரிங்களா? முழங்கால் மடங்கல, சரிங்களா?" இதைக் கேட்டுக் கேட்டு அவள் கொழுந்தன் அவளுக்கு எதிரொலி அண்ணி என்று பேர் வைத்தான். பேர் ஒட்டிக்கொண்டது. நாமும் அப்படியே கூப்பிடுவோம், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

எதிரொலி வேலை பார்த்தது வீட்டிலிருந்து. அவர்கள் ஊரில் இருந்த கிளை அலுவலகத்தை மூடிக் கட்டடத்தை வேறு துறைக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போதைக்கு வீட்டிலிருந்தே பாருங்கள் என்று மேலிடம் சொன்னது. அரசாங்கத்தில் 'இப்போதைக்கு' என்றால் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியாதா? அது வருஷக்கணக்காக நீண்டது. அதற்குள் அவள் மாமனார் வாசற்படியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது, ஆனால் பழைய நடை வரவில்லை. நாற்காலியிலிருந்து எழுப்பிவிட ஒரு கை வேண்டும். குளியலறையில் உட்காரவைத்து எழுப்ப ஒரு கை வேண்டும். மகன், அதாவது எதிரொலியின் கணவன், நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் ரோட்டில். ஆகவே அந்தக் கை எதிரொலியின் கைதான்.

மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றாலும் விசிலை அவர் திருப்பித் தரவில்லை. கழுத்தில் கயிற்றில் தொங்கும். ஒரு விசில் அடித்தால் தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம். இரண்டு அடித்தால் குளியலறைக்குப் போக வேண்டும், உடனே வா என்று அர்த்தம். அவள் போனில் இருக்கும்போது இரண்டு விசில் கேட்டால், "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு ஓடுவாள். கூப்பிட்டவர்களில் சிலர், "ஏம்மா, பஸ்ல போயிட்டே வேலை பாக்குறீங்களா?" என்று கேட்டதுண்டு. "ஆமாங்க, இறங்குற இடம் இன்னும் வரல" என்பாள்.

அவள் உட்கார்ந்து வேலை பார்த்த இடம் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த சாமான் அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி போட்டால் மூச்சு விட மட்டும் இடம் இருக்கும். வாசல் உண்டு, கதவு கிடையாது. பழைய போர்வையைக் கிழித்துத் திரை தைத்து, அது பறக்காமல் இருக்கத் துணிக் கிளிப்புகளை மாட்டியிருந்தாள். மாமனாரின் நாற்காலி கூடத்தில், ஜன்னலோரம். திரைக்கும் அவர் காதுக்கும் இரண்டு எட்டு தூரம்.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். வேறென்ன செய்வார்? ஆயுசு முழுக்க நூறு பேர் ஏறி இறங்கும் வண்டியில் நின்றவர், இப்போது ஜன்னலில் போகிறவரை எண்ணிக்கொண்டிருக்கிறார். மருமகளின் போன்தான் அவருடைய பஸ். யார் ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. மாலையில் டீ குடிக்கும்போது, "அந்தக் கண்ணு தெரியாத அம்மாவுக்கு ஆர்டர் வந்துச்சா?" என்பார். "மாமா, அதெல்லாம் கேக்கக் கூடாது" என்பாள் எதிரொலி. ஆனால் சொல்லிவிடுவாள். நாலு சுவருக்குள் இருக்கும் கிழவர், யாரிடம் போய்ச் சொல்லப்போகிறார் என்று ஒரு நினைப்பு.

இப்படி இருக்கும்போதுதான் சட்டம் வந்தது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அரசு ஊழியரை என்ன செய்வது என்று சட்டசபையில் நாள் கணக்காகப் பேசினார்கள். எல்லாரையும் திரும்பக் கூப்பிடு என்றது ஒரு பக்கம்; கூப்பிட்டால் உட்கார வைக்க நாற்காலி எங்கே என்றது மறுபக்கம். கடைசியில் நடுவாக ஒன்றை நிறைவேற்றினார்கள். போனிலும் கணினியிலும் முடிகிற வேலையை ஊழியர் வீட்டிலிருந்தே செய்யலாம், அது இனி உத்தரவல்ல, உரிமை. ஆனால் மக்களின் சொந்த விஷயங்களைக் கேட்கிற வேலையாக இருந்தால், அந்த வீட்டில் அதற்கென்று தனி அறை இருக்க வேண்டும். அந்த அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் உள்ள கதவு இருக்க வேண்டும். உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாது. அதிகாரி நேரில் வந்து பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால், தலைமை அலுவலகத்தில் போய் உட்கார வேண்டும்.

தலைமை அலுவலகம் தலைநகரில். விடியும் முன் ரயிலேறினால் இருட்டிய பின்தான் வீடு. எதிரொலி அந்தச் சுற்றறிக்கையைப் படித்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். பிறகு ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கும் மாமனாரைப் பார்த்தாள். கணவன் போனில் சொன்னான், வேறு வழி இல்லையென்றால் பராமரிப்பு இல்லம் ஒன்றில் அப்பாவைச் சேர்க்கலாம், அவனுடைய கூட்டாளி ஒருவன் அப்படித்தான் செய்தான் என்று. சொல்லும்போதே அவன் குரல் இறங்கிப்போனது. எதிரொலி, "முதல்ல கதவு போடுவோம்" என்றாள்.

கதவு போடுவதற்கு வீட்டிலேயே தச்சர் இருந்தார். கொழுந்தன் நல்ல வேலைக்காரன், தெருவே ஒப்புக்கொள்ளும். ஆனால் தெருவில் அவனுக்கு 'நாளைக்கு' என்று பேர். நாளைக்கு முடித்துத் தருகிறேன் என்று அவன் சொன்னால், எந்த நாளைக்கு என்று கேட்கத் தெரிந்தவர்களே புத்திசாலிகள். அண்ணிக்கு மட்டும் தாமதம் செய்வேனா என்று நெஞ்சில் தட்டிக்கொண்டு நிலையை உடனே வைத்துவிட்டான். கதவு மட்டும் பட்டறையில், பலகைகளை இறுக்கும் பிடிப்பில் மாட்டி, பசை காய்ந்துகொண்டிருந்தது.

காய்ந்துகொண்டே இருந்தது.

ஒரு மத்தியானம் துறையிலிருந்து செய்தி வந்தது. பக்கத்துத் தெருவில் ஆய்வு நடக்கிறது. அதிகாரி நாளைக் காலையிலேயே இவர்கள் வீட்டுக்கும் வந்துவிடுவார். எதிரொலி கொழுந்தனைக் கூப்பிட்டாள். அவன் வந்து நிலையையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"இருக்கற கதவுல ஒண்ணைக் கழட்டி மாட்டுவோம் அண்ணி. ஒரு நாள்தானே."

படுக்கையறைக் கதவு அகலம் அதிகம். வாசல் கதவைக் கழற்றினால் அதிகாரியை வரவேற்பது எப்படி? வீட்டைக் கட்டியவர் சிக்கனக்காரர். சாமான் அறைக்கும் குளியலறைக்கும் ஒரே அளவில் வாசல் விட்டிருந்தார். குளியலறைக் கதவு மட்டும்தான் பொருந்தியது. பிளாஸ்டிக் கதவு, உள்ளே தாழ்ப்பாள், சட்டம் கேட்டபடியே. எதிரொலி தயங்கினாள். தினமும் அந்தக் கதவின் தேவை யாருக்கு என்று அவளுக்குத் தெரியும். மாமனாரை உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்தி வெளியே நிற்பாள். எவ்வளவு முடியாவிட்டாலும் அந்தக் கதவு சாத்தியாக வேண்டும் அவருக்கு.

அவரே ஜன்னலோரத்திலிருந்து சொன்னார். "கழட்டுப்பா. எனக்கு அந்தத் திரை போதும். உன் அண்ணி ரயில்ல தொங்கறதுக்கு இது தேவலை."

அப்படியாகக் குளியலறைக் கதவு சாமான் அறைக்கு வந்தது. சாமான் அறைத் திரை கிளிப்புகளோடு குளியலறைக்குப் போனது. கதவின் மேல்பக்கத்தில் ஆவி போவதற்காகப் பட்டை பட்டையாகத் திறப்பு இருந்தது. கொழுந்தன் அதன்மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, துண்டு மாட்டும் கொக்கியையும் பிடுங்கினான். தள்ளி நின்று பார்த்து, "ஆபீஸ் மாதிரியே இருக்கு" என்றான்.

மறுநாள் வந்த அதிகாரி ஒரு பெண்மணி. நடுத்தர வயது, தோளில் கனத்த பை, கால் செருப்பு தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. எல்லாரும் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்க வழி செய்த சட்டம், அதைச் சரிபார்க்க அவரை வீடு வீடாக அலைய விட்டிருந்தது. குடிக்கக் கொடுத்த தண்ணீரைக்கூட வேண்டாம் என்றுவிட்டார். அறையை அளந்தார், தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார், கதவை ஒரு விரலால் தட்டினார். தட்டிய சத்தத்தைக் கேட்டு ஒரு கணம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உள்ள போய்த் தாழ் போட்டுக்கங்க. எப்பவும் போல வேலையைப் பாருங்க. நான் கூடத்துல உக்காந்து கேக்குறேன்" என்றார்.

எதிரொலி உள்ளே போய்த் தாழிட்டாள். முதல் அழைப்பு வந்தது. சக்கர நாற்காலி வந்து சேர்ந்துவிட்டது, ஆனால் வீட்டுக்குள் ஏற்ற முடியவில்லை என்று ஒருவர். அவள் குரலைத் தணித்துத்தான் திருப்பிச் சொன்னாள். "நாற்காலி வந்துருச்சு, படி உயரமா இருக்கு, சறுக்குப் பலகை வேணும், சரிங்களா?" ஒட்டிய வெள்ளைத் தாள் காற்றில் லேசாக உப்பி அடங்கியது. அவள் அதையே பார்த்துக்கொண்டு பதிந்தாள். அழைப்பு முடிந்தபோது, கூடத்தில் பேசுவது அவள் காதில் தெளிவாக விழுந்தது. உள்ளேயிருந்து வெளியே போவது வெளியேயிருந்து உள்ளேயும் வரும்தானே.

பேசிக்கொண்டிருந்தவர் மாமனார். அதிகாரி எதையோ எழுதுவதைப் பார்த்திருப்பார், அந்த அம்மா முகம் இறுக்கமாக இருந்திருக்கும், பயந்துவிட்டார். மருமகளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னால் கை மாறி எழுதும் என்று நினைத்துவிட்டார் மனிதர்.

"கேட்டீங்களாம்மா, என்ன பொறுமை! இவரு இன்னைக்குக் கூப்பிட்டவரு. முன்ன ஒரு அம்மா, ரெண்டு கண்ணும் போயிருச்சு, மருமக சோறு போட மாட்டேங்கறாளாம், அழுதுச்சு. நம்ம பொண்ணு எவ்வளவு நேரம் சமாதானம் சொன்னா தெரியுமா? ஏன், இந்த முக்குல தைக்குறாங்களே, அந்தம்மாவுக்கு விரல் மரத்துப்போற நோவு. ஊசி பிடிக்க முடியல. அதுக்கும் உதவி எழுதிப் போட்டது இவதான்."

எதிரொலியின் கை கணினியின் மேல் அப்படியே நின்றது.

தெருமுனைத் தையல்கார அம்மா. முன்பெல்லாம் ஜன்னலோரம் நின்று ஒரு வார்த்தை பேசாமல் போகமாட்டார். கொஞ்ச நாளாக எதிர்ப்பக்கமாக நடந்து போகிறார். எதிரொலி சிரித்தாலும் கையில் இருக்கும் பையைப் பார்த்துக்கொள்கிறார். என்ன கோபம் என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை. இப்போது பிடிபட்டது.

தாழைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"மாமா, தையக்காரம்மா விஷயத்தை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"நான் யார்கிட்டம்மா சொல்லப்போறேன்? அவங்ககிட்டதான் கேட்டேன். ஜன்னல் வழியா, 'விரல் இப்போ தேவலையா'ன்னு. அக்கறையாத்தானே கேட்டேன்?"

"அப்போ கூட யாரு இருந்தா?"

அவர் யோசித்தார். "துணி தைக்கக் குடுக்க வந்தவங்க ரெண்டு பேரு" என்றார். சொல்லி முடிக்கும்போதே அவர் முகம் மாறியது. ஆயுசெல்லாம் கூட்டத்தில் நின்றவர் அல்லவா, எந்த வார்த்தை எங்கே போய் இறங்கியிருக்கும் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. கழுத்தில் கிடந்த விசிலைக் கையில் பிடித்துக்கொண்டார்.

சமையலறை வாசலில் நின்ற கொழுந்தன் கூரையில் ஏதோ வேலை இருப்பதுபோல் மேலே பார்த்தான். எதிரொலி அதிகாரியிடம் திரும்பினாள். பொய் சொல்ல நேரமும் இருந்தது, வாயும் இருந்தது. கிழவருக்கு ஞாபகப் பிசகு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"ஆகாதுன்னே எழுதிடுங்கம்மா. எல்லாம் வெளிய கேக்குது. ரொம்ப நாளா கேக்குது. எனக்குத் தெரியும். இது எங்க பாத்ரூம் கதவு."

"தட்டும்போதே தெரிஞ்சுது. தாழ்ப்பாள்ல சோப்புக் கறை இருக்கு" என்றார் அதிகாரி. பிறகு பேனாவை மூடினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்போ பாத்ரூமுக்கு என்ன மாட்டியிருக்கீங்க?" என்று கேட்டார்.

எதிரொலி கை நீட்டித் திரையைக் காட்டினாள்.

"ஏன் கேக்குறேன்னா, காலையில இருந்து வீடு வீடா நடக்குறேன். எங்கயும் கேக்கக் கூச்சம். அதனாலதான் தண்ணியே குடிக்கல. இப்போ முடியல."

யாரும் சொல்லாமலேயே கொழுந்தன் தெருவுக்குப் போய்விட்டான். எதிரொலி அதிகாரியை அழைத்துப் போனாள். திரை ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் விலகும். அவள் முதுகைக் காட்டி நின்று, இரண்டு கையையும் விரித்து, திரையின் இரண்டு ஓரத்தையும் நிலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். உள்ளே அந்த அம்மா அசையாமல் நிற்பது தெரிந்தது. கூச்சம். அந்தச் சமயத்தில் கூடத்தில் ரேடியோ திடீரென்று வீடு அதிரப் பாடத் தொடங்கியது. மாமனார்தான். அவருக்குத் தெரியும். நேற்று மாலையிலிருந்து அவர் அந்தத் திரைக்குப் பின்னால்தான் போய் வந்துகொண்டிருந்தார்.

அதிகாரி வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் கேட்டார். இரண்டு டம்ளர் குடித்தார். ரேடியோ அடங்கியதும் மாமனாருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"உங்க மருமக சொன்னதுக்கு நான் ஆகாதுன்னுதான் எழுதணும்" என்றார். "ஆனா, கதவு மாட்டுற வேலை நடந்துக்கிட்டிருந்தா, 'வேலை முடியவில்லை'ன்னு எழுதி இன்னொரு தடவை வந்து பாக்கலாம். சட்டத்துலயே அதுக்கு இடம் இருக்கு. மாசக் கடைசியில வர்றேன். அன்னைக்கு இந்த வீட்டுல ரெண்டு கதவும் இருக்கணும். அந்தக் கதவு அந்த இடத்துக்குப் போயிரணும்." பிறகு எதிரொலியிடம், "போன்ல அழறவங்களுக்கு நாம யாருன்னே தெரியாதும்மா. நம்பித்தான் சொல்றாங்க" என்றார். திட்டுவதுபோல் சொல்லவில்லை. அதனால் கூடுதலாக உறைத்தது.

அன்று சாயங்காலமே குளியலறைக் கதவு தன் இடத்துக்குத் திரும்பியது. கொழுந்தன் பட்டறையிலேயே படுத்துப் புதுக் கதவை முடித்தான். கனமான பலகை, விளிம்பெல்லாம் ரப்பர் பட்டை. அவன் வாழ்க்கையில் 'நாளைக்கு' என்று சொல்லாமல் முடித்த முதல் வேலை அது என்று தெரு இன்றும் சொல்லும். மாட்டிச் சாத்தினால் கிணற்றுக்குள் இறங்கியதுபோல் அமைதி. எதிரொலி உள்ளே பேசினாள், பாட்டுக்கூடப் பாடிப் பார்த்தாள். வெளியே ஒரு சத்தமில்லை. எல்லாருக்கும் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் மறுநாள் மத்தியானம் வரைதான். அடுத்தடுத்து அழைப்புகள், எதிரொலி வெளியே வர நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் மாமனார் நாற்காலியில் விசிலை வாயில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். ஊதி ஊதி ஓய்ந்திருக்கிறார். வேட்டி நனைந்திருந்தது, நாற்காலிக்கு அடியிலும் ஈரம்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "எங்கயாவது கொண்டு விட்ரும்மா. அங்க ஆளுங்க இருப்பாங்க."

அவள் அவரை எழுப்பி, கழுவி, வேட்டி மாற்றி உட்காரவைத்தாள். இப்போது பாருங்கள் கண்ணுகளா, எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்கிறது. கதவைத் திறந்து வைத்தால் ஊரார் ரகசியம் வெளியே போகும். சாத்தினால் கிழவர் குரல் உள்ளே வராது. கிழவர் குரல் வராவிட்டால், அவள் வீட்டில் இருந்தாலென்ன, தலைநகரில் இருந்தாலென்ன? போனில் கணவனிடம் சொன்னாள். மின்சார மணி வைக்கலாமே என்றான். மணி அடித்தால் போனில் அழுகிறவர் காதிலும் அடிக்கும். நினைத்து நினைத்துச் சொல்ல ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிடுவார். அது அவளுக்கு அனுபவம். பஸ் விசிலுக்கே எத்தனை பேர் பேச்சை விட்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் டீயோடு எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, கொழுந்தன் அப்பாவைச் சீண்டினான்.

"விசில் போனா என்னப்பா? விசில் இல்லாத காலத்துல பஸ்ஸே ஓடலையா?"

"ஏன் ஓடல? கயிறு இருந்துச்சுல்ல" என்றார் அவர் வேண்டாவெறுப்பாக. "பின்பக்கத்துல இருந்து டிரைவர் தலைக்கு மேல வரைக்கும் கூரையோட ஒரு கயிறு. ஒரு இழுப்பு, நில்லு. ரெண்டு இழுப்பு, போ. வண்டி நிறைய ஜனம் கத்தினாலும்..."

எதிரொலி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிலையின் மேல்பக்கத்தைப் பார்த்தாள். கொழுந்தனும் பார்த்தான். அவர் சொல்லி முடிக்கும் முன்பே அவன் துளைக்கருவியைத் தேடப் போய்விட்டான்.

மாமனாரின் நாற்காலிக் கைப்பிடியிலிருந்து கயிறு புறப்பட்டது. சுவரோடு சிறு வளையங்களில் ஏறி, நிலைக்கு மேலே விரல் நுழையாத ஒரு துளை வழியாக உள்ளே போய், மேசைக்கு எதிரே சுவரில் ரயில் கைகாட்டி போன்ற ஒரு மரக்கையைத் தூக்கி இறக்கியது. மணியும் இல்லை, விசிலும் இல்லை. இழுத்தால் கை எழும், அவ்வளவுதான். துளையைச் சுற்றி, கயிறு வழுக்கும் அளவுக்கு விட்டுக் கம்பளித் துணியை அடைத்தான். மரக்கை சுவர் நிறத்திலேயே இருந்ததால் சட்டென்று கண்ணில் படவில்லை. சிவப்புத் துணி ஒன்று கட்டினால் நன்றாக இருக்கும் என்றான்.

வீட்டில் சிவப்புத் துணி இல்லாமல் இல்லை. ஆனால் எதிரொலி எழுந்து தெருமுனைக்குப் போனாள்.

தையல்கார அம்மா இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் தைத்துக்கொண்டிருந்த கை நின்றது. எதிரொலி சுற்றி வளைக்கவில்லை. நடந்தது இதுதான், தவறு என் வீட்டில்தான், நான் கண்டும் காணாமல் இருந்தேன் என்று சொன்னாள். இப்போது கதவு போட்டாயிற்று என்றும் சொன்னாள்.

தையல்கார அம்மா கொஞ்ச நேரம் துணியின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு வந்தவங்க ரெண்டு பேரும் குடுத்த துணியைத் திரும்ப வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க. உங்க மாமனார் கெட்டவர் இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா, தெரிஞ்சு நான் என்ன பண்ண?"

எதிரொலி போகாமல் அங்கேயே நின்றாள். கடைசியில் அந்த அம்மா, எதுக்கு வந்தீங்க, இதைச் சொல்லவா என்று கேட்டார். இதைச் சொல்லவும், ஒரு முழம் சிவப்புத் துணி வாங்கவும் என்றாள். எதற்கு என்று விளக்கினாள். கிழவர் கயிற்றை இழுத்தால் துணி எழும் என்றதும், அந்த அம்மாவின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. வெட்டுத் துணி மூட்டையைக் கிளறி, ஒரு சிவப்புத் துண்டை எடுத்து, விளிம்பை மடித்து இயந்திரத்தில் ஓட்டினார். தையல் ஓரிடத்தில் கோணியது. அவர் அதைப் பிரிக்கவில்லை, அப்படியே கொடுத்தார்.

மாதக் கடைசியில் அதிகாரி வந்தார். இந்த முறை பையைக் கீழே வைத்ததும் முதல் வேலையாகக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சிரித்த முகத்தோடு வெளியே வந்தார். எதிரொலி தன் அறைக்குள் போய்த் தாழிட்டாள். அதிகாரி மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். கடிகாரச் சத்தம்தான் கேட்டது. சுவரில் ஓடிய கயிற்றையும், நிலைக்கு மேலிருந்த துளையையும் பார்த்தார். நாற்காலியில் ஏறித் துளையருகே காதை வைத்தும் பார்த்தார்.

"உள்ள இப்போ யாருகூடப் பேசுறாங்க?" என்று கிழவரைச் சோதித்தார்.

"எனக்கெப்படிம்மா தெரியும்? இந்தக் கதவு வந்ததுல இருந்து ஊர்ச் சங்கதி ஒண்ணும் தெரியாம போச்சு. அந்தக் கண்ணு தெரியாத..." என்று ஆரம்பித்தவர், வாயை மூடிக்கொண்டார். "ஒண்ணும் தெரியாது" என்றார் மறுபடியும்.

அதிகாரி அந்தக் கயிற்றைத் தானே இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். உள்ளே ஒருவரின் இருதய நோவைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்த எதிரொலி, கோணல் தையல் போட்ட சிவப்புத் துணி எழுந்து எழுந்து விழுவதைக் கண்டாள். "ஒரு நிமிஷம் இருங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். பார்த்தால் கயிற்றைப் பிடித்திருப்பது அதிகாரியம்மா. மாமனார் நன்றாக உட்கார்ந்திருக்கிறார்.

"ஒண்ணுமில்ல, போங்க. போன்ல காத்துக்கிட்டிருக்காங்க" என்றார் அதிகாரி. அவள் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திய பிறகு, பேனாவைத் திறந்து, 'ஏற்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை டீ வேளையில் மாமனார் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். எதிரொலிக்குத் தெரியும், அவர் எந்த அம்மாவைப் பற்றிக் கேட்க நினைக்கிறார் என்று. அவள் சொல்லவில்லை. பதிலுக்கு, அவர் பஸ்ஸில் இருந்த காலத்துக் கயிற்றைப் பற்றிக் கேட்டாள். அது அறுந்தால் என்ன செய்வார்கள் என்று. அவர் அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். புரிந்துகொண்டார். "அதை ஏன் கேக்குற!" என்று தொடங்கி, விளக்கு வைக்கும் நேரம்வரை சொன்னார். தெருவில் தையல்கார அம்மா போனார். எதிர்ப்பக்கமாகத்தான் போனார், ஆனால் ஜன்னலைப் பார்த்து ஒரு தலையசைப்பு இருந்தது. மாமனார் இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. கையை மட்டும் உயர்த்தினார்.

கதை இவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் சாத்த வேண்டிய நேரத்தில் சாத்த ஒரு கதவு இருக்கட்டும். அதற்குப் பின்னால் இருப்பவர் கூப்பிட்டால் ஓடிவர ஓர் ஆள் இருக்கட்டும். உங்களை நம்பிச் சொன்னது உங்களிடமே தங்கட்டும். நடக்க முடிந்தவரும் முடியாதவரும் ஒரே விளக்கின் கீழ் உட்கார்ந்து சாப்பிடட்டும். நன்றாக இருங்கள், போய் வாருங்கள்.